தோற்பவர் எதிரிலேயே அமர்ந்திருக்கிறார்

நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில் தோல்வி மூன்று பேருக்குப் பங்காகிவிடுகிறது. இருவர் மட்டும் ஆடும்போது அது முழுவதும் ஒருவர் தலையில் விழுகிறது. அந்த ஒருவரும் ஆட்டம் முடிந்த கையோடு நம்முடன் அமர்ந்து சாப்பிடப்போகிறவர். எங்கள் வீட்டில் என் எதிரே அமர்பவர் பெரும்பாலும் என் கணவர். அவர் வேலையில் இருக்கும் மாலைகளில் அவருடைய அம்மா, அதாவது என் அத்தை. இருவர் ஆடுவதற்கு நல்ல பலகை ஆட்டமோ சீட்டாட்டமோ சொல்லுங்கள் என்று கேட்பவர்கள் எது சுவாரசியமானது, எது அறிவுக்கு வேலை கொடுப்பது என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்த ஆட்டம் தோற்பவரை எப்படி நடத்துகிறது என்பதை. வென்றவர் எந்த ஆட்டத்திலும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார். "இன்னொரு ஆட்டம் போடலாம்" என்று சொல்ல வேண்டியவர் தோற்றவர். அவர் சொல்லாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெட்டியும் அலமாரியில்தான் இருக்கும்.

பெட்டியின் பக்கவாட்டில் '2 முதல் 4 பேர் வரை' என்று அச்சிட்டிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. பேரமும் ஏலமும் பண்டமாற்றும் உயிராக இருக்கும் ஆட்டங்கள் இரண்டு பேரிடம் வந்ததும் செத்துவிடுகின்றன. என்னிடம் இருக்கும் செங்கல்லை உங்களுக்குக் கொடுத்து உங்கள் கோதுமையை நான் வாங்குவது, நம் இருவருக்கும் லாபமாகி மூன்றாமவரைப் பின்தள்ளும்போதுதான் பொருளுள்ள செயல். மூன்றாமவரே இல்லையென்றால் உங்களுக்குக் கிடைக்கும் ஒவ்வொரு லாபமும் எனக்கு அதே அளவு நட்டம். அப்படியிருக்க யார் எதற்காக மாற்றிக்கொள்வார்கள்? கிளாவுஸ் டொய்பர் வடிவமைத்து 1995-இல் வெளிவந்த 'கேட்டான்' என்ற பண்டமாற்று ஆட்டம் இந்த விஷயத்தில் நேர்மையானது; அதன் அடிப்படைப் பெட்டி மூன்று அல்லது நான்கு பேருக்கு என்றே சொல்லிவிடுகிறது. நம் ஊர்க் கடைகளில் விற்கும் 'பிசினஸ்' போன்ற ஊர் வாங்கி வாடகை வசூலிக்கும் ஆட்டங்களுக்கு அந்த நேர்மை இல்லை. இருவர் ஆடும்போது முதல் அரை மணியிலேயே யார் வெல்லப்போகிறார் என்பது தெரிந்துவிடும். அதன்பின் ஒரு மணி நேரம் மற்றவர் வாடகை கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். தோற்பவரைத் தோற்கடித்த பிறகும் எழுந்து போகவிடாத ஆட்டத்தைவிட மோசமான ஆட்டம் இருவருக்கு வேறில்லை என்பது என் தீர்மானம்.

அடுத்ததாகப் பார்க்க வேண்டியது இருவருக்கும் இடையே உள்ள திறமை இடைவெளி. சதுரங்கத்தை நான் குறைத்துச் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். குகேஷ் 18 வயதில், 2024 டிசம்பரில், சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனபோது எங்கள் தெருவே கொண்டாடியது. ஆனால் சதுரங்கத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாததால் சிறிய இடைவெளிகூடப் பெரிதாகத் தெரியும். ஆர்பாட் ஈலோ வகுத்த தரப்புள்ளிக் கணக்கின்படி, 200 புள்ளி கூடுதலாக உள்ளவர் நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 புள்ளிகளை எடுத்துக்கொள்வார். 400 புள்ளி வித்தியாசம் என்றால் 91. ஒருவர் பள்ளிக் காலத்தில் முறையாகப் பயின்றவர், மற்றவர் காய்களை நகர்த்த மட்டும் தெரிந்தவர் என்றால் இடைவெளி 400-க்கு மேல்தான் இருக்கும். நூற்றில் ஒன்பதைக்கூட எட்டாத ஆட்டத்துக்கு ஒருவரை ஒவ்வொரு மாலையும் கூப்பிடுவது அன்பான செயலாகாது.

சதுரங்கம்தான் வேண்டும் என்பவர்களுக்கு வழி இல்லாமலில்லை. ஆட்டக் கடிகாரத்தில் வலுவானவருக்கு ஐந்து நிமிடமும் மற்றவருக்கு இருபது நிமிடமும் வைத்து ஆடலாம். குதிரையையோ ராணியையோ முன்கூட்டியே எடுத்துவிட்டு ஆடுவதைவிட இது நல்லது, ஏனென்றால் பலகையில் ஆட்டம் முழு ஆட்டமாகவே இருக்கும். கிழக்காசியர்களின் 'கோ' இந்த ஏற்பாட்டைத் தன் மரபுக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதில் திறமை குறைந்தவர் தரவரிசை இடைவெளிக்கு ஏற்ப இரண்டு முதல் ஒன்பது கற்களை ஆட்டம் தொடங்குமுன்பே பலகையில் வைத்துக்கொள்வார். அதை யாரும் சலுகையாகக் கருதுவதில்லை, ஆட்டத்தின் இயல்பான பகுதியாகவே கருதுகிறார்கள். முழுப் பலகை 19 கோடுகளுக்கு 19 கோடுகள் என்பதால் மிரண்டுபோகிறவர்கள் 9-க்கு 9 பலகையில் தொடங்கலாம். ஓர் ஆட்டம் பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

அதிர்ஷ்டத்தைப் பற்றி ஆட்டப் பிரியர்கள் கொஞ்சம் ஏளனமாகவே பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தோற்றவருக்கு ஒரு சாக்கு வேண்டும். சீட்டு சரியாக வரவில்லை, பகடை கைகொடுக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள இடமிருந்தால்தான் அவர் முகம் வாடாமல் அடுத்த ஆட்டத்துக்கு உட்காருவார். ஆனால் அந்த அதிர்ஷ்டம் எங்கே நுழைகிறது என்பது முக்கியம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக ஆடும் பரமபதத்தில் எல்லாமே பகடைதான். தோற்றவருக்கு வருத்தமில்லை, வென்றவருக்குப் பெருமையும் இல்லை, அந்த இரவுக்கு அது போதும். தாயத்தில் எந்தக் காயை நகர்த்துவது, எதிராளியின் காயை வெட்டுவதா, வெட்ட முடியாத கட்டமான மலைக்குப் போவதா என்ற தேர்வு இருப்பதால் அது ஒரு படி மேலான ஆட்டம். ஆனால் காய் உள்ளே இறங்குவதற்கே தாயம், அதாவது ஒன்று, விழ வேண்டும். இரண்டு தாயக்கட்டைகளிலும் 0, 1, 2, 3 என்று புள்ளிகள் இருக்கும்போது வரக்கூடிய பதினாறு சேர்க்கைகளில் இரண்டு மட்டுமே ஒன்று என்ற எண்ணைத் தரும். அதாவது எட்டில் ஒரு வாய்ப்பு. எட்டு முறை உருட்டியும் தாயம் விழாமலேயே போவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. நான்கு பேர் ஆடும்போது வெளியே காத்திருப்பவருக்கு வேடிக்கை பார்க்கவாவது மூன்று பேர் இருப்பார்கள். இருவர் ஆடும்போது அவர் கட்டையை உருட்டுவதும் எதிராளிக்குக் கொடுப்பதுமாகவே இருப்பார். இருவர் ஆடும்போது ஐந்து விழுந்தாலும் காய் இறங்கலாம் என்ற விதியை எங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டோம்; ஐந்துக்கும் பதினாறில் இரண்டு சேர்க்கைகள் இருப்பதால் காத்திருப்பு பாதியாகிவிடுகிறது.

பல்லாங்குழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மிடம் உள்ள இருவர் ஆட்டங்களில் அதுதான் கைக்கு இன்பமானது. புளியங்கொட்டையோ சோழியோ விரல்களிலிருந்து ஒவ்வொன்றாகக் குழியில் விழும் ஓசைக்காகவே அதை ஆடலாம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள்; ஊருக்கு ஊர் கணக்கு மாறினாலும் எங்கள் வீட்டில் குழிக்கு ஐந்து காய், ஆக எழுபது காய். ஒரு குழியை வழித்தெடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போய், கையில் தீர்ந்ததும் அடுத்த குழியை எடுத்துத் தொடர வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் தடவிவிட்டு அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். இடையில் எந்தக் குழியிலாவது நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. அந்தப் பக்கத்துக்காரர் அதை எடுத்துக்கொள்வார். எதிராளியின் முறையிலும் நமக்குப் பசு விழும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் பெருந்தன்மை. ஆடாமல் இருப்பவரும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அவர் சும்மா இருக்கும் நேரமென்று ஒன்று இல்லை.

சிக்கல் இரண்டாவது சுற்றில் வருகிறது. முதல் சுற்றில் 27 காய் மட்டும் எடுத்தவர் தம் ஏழு குழிகளில் ஐந்தைத்தான் நிரப்ப முடியும்; மீதி இரண்டு குழிகள் ஆட்டத்துக்கு வெளியே போய்விடும். 43 காய் எடுத்தவருக்கு ஏழும் நிரம்பி எட்டுக் காய் மிச்சம். இப்படிச் சுற்றுக்குச் சுற்று தோற்றவரின் நிலம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் ஒரு குழிக்கும் காய் இல்லாதவர் தோற்றவராகிறார். இல்லாதவரிடமிருந்து மேலும் எடுக்கும் இந்த ஏற்பாட்டில் ஒரு நாடகத்தன்மை இருக்கிறது. இரண்டே குழிகளோடு மீண்டு வந்த கதைகளை அத்தை இன்னும் சொல்வார். ஆனால் அவை கதைகளாகச் சொல்லப்படும் அளவுக்கு அரிதானவை. புதிதாகக் கற்பவரோடு ஆடும்போது ஒவ்வொரு சுற்றையும் முழு ஐந்தைந்து காய்களோடு புதிதாகத் தொடங்கி, எடுத்த காய்களின் எண்ணிக்கையை மட்டும் தாளில் கூட்டிக்கொண்டு போவதே நல்லது. அத்தைக்கு இதில் உடன்பாடில்லை. "அப்படி ஆடினா அது பல்லாங்குழியே இல்லை" என்பார். அவரோடு ஆடும்போது பழைய முறையிலேயே ஆடுகிறேன். குழிகளை இழப்பவள் பெரும்பாலும் நான்தான்.

ஆடு புலி ஆட்டம் இந்தச் சிக்கலுக்கு வேறொரு விடை வைத்திருக்கிறது. கோயில் மண்டபத் தரைகளிலும் பாறைகளிலும் அதன் கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு, 23 புள்ளிகள். ஒரு பக்கம் தாண்டி வெட்டும் வலிமை. மறுபக்கம் எண்ணிக்கை மட்டும். இரு தரப்பும் சமமா என்ற கேள்விக்கே இங்கே இடமில்லை, ஏனென்றால் ஓர் ஆட்டம் முடிந்ததும் பக்கம் மாறி ஆட வேண்டும். புதியவர்களிடம் புலிதான் வெல்லும். அனுபவம் கூடக் கூட ஆடுகளின் கை ஓங்குகிறது. எனவே இடைவெளி இருக்கும் இருவரில் புதியவர் புலியை வைத்துக்கொள்ளலாம், அதற்குத் தனியாக விட்டுக்கொடுத்தல் என்று பெயர் வைக்கத் தேவையில்லை. சுண்ணக்கட்டியும் கூழாங்கல்லும் இருந்தால் செலவே இல்லாத ஆட்டம் இது.

சீட்டுக்கு வருவோம். நம்மில் பெரும்பாலோருக்குச் சீட்டு என்றால் பதின்மூன்று சீட்டு ரம்மிதான். உச்ச நீதிமன்றமே 1968-இல் ஒரு வழக்கில் அதைப் பெரும்பாலும் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொல்லியிருக்கிறது. பணம் வைத்து ஆடுவதைப் பற்றி இங்கே பேசவில்லை. வீட்டில் புள்ளிக்கு ஆடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இருவருக்கு அது கொஞ்சம் கொடூரமானது. ஜோக்கர் இல்லாத ஒரு சுத்தமான வரிசையாவது சேராதவர், கையில் எவ்வளவு அழகான சேர்க்கைகள் வைத்திருந்தாலும் எல்லாச் சீட்டுகளையும் எண்ணிக் கொடுக்க வேண்டும். உச்ச வரம்பான 80 வரை போய்விடும். ஒரே கையில் 80 வாங்கியவர் அடுத்த கையை உற்சாகமாகக் கலைத்து நான் பார்த்ததில்லை.

இருவருக்கென்றே பொருந்திய 'ஜின் ரம்மி' இதைவிட இதமானது. ஆளுக்குப் பத்துச் சீட்டு. சேராத சீட்டுகளின் கூட்டுத்தொகை பத்து அல்லது அதற்குக் குறைவாக வந்ததும் ஒருவர் தட்டி ஆட்டத்தை நிறுத்தலாம். அதன்பின் மற்றவர் தம்மிடம் சேராமல் கிடக்கும் சீட்டுகளைத் தட்டியவரின் சேர்க்கைகளில் ஒட்ட முடிந்தால் ஒட்டிக்கொள்ளலாம். அப்படி ஒட்டிய பிறகு அவருடைய மீதி சமமாகவோ குறைவாகவோ இருந்தால், தட்டியவருக்குப் பதில் அவருக்கே புள்ளி. தட்டியவரின் கையில் ஒன்றும் மிஞ்சாமல் இருந்தால் மட்டும் இந்தச் சலுகை இல்லை. பின்தங்கியவருக்குக் கடைசி நொடியில் ஒரு வழியைத் திறந்து வைக்கும் இந்த விதியைச் செய்தவர் யாராக இருந்தாலும் மனிதர்களை அறிந்தவர்.

நான் யாருக்கும் முதலில் கற்றுக்கொடுப்பது ரைனர் க்னீட்சியா என்ற ஜெர்மானியர் வடிவமைத்து 1999-இல் வெளிவந்த 'லாஸ்ட் சிட்டீஸ்'. அதை வாங்கக்கூட வேண்டாம். அதில் ஐந்து நிறங்கள், நிறத்துக்குப் பன்னிரண்டு சீட்டுகள்: இரண்டு முதல் பத்து வரை எண்கள், மூன்று பந்தயச் சீட்டுகள். நம் வழக்கமான சீட்டுக்கட்டிலிருந்து ஜோக்கர்களையும் நான்கு ஏஸ்களையும் எடுத்துவிட்டால் ஒவ்வொரு சின்னத்திலும் மிஞ்சுவது இரண்டு முதல் பத்து வரை எண்கள், ஜாக், ராணி, ராஜா. அதே பன்னிரண்டு, நிறம் மட்டும் ஐந்துக்குப் பதில் நான்கு. படச் சீட்டுகளைப் பந்தயச் சீட்டுகளாக வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடங்கிவிடலாம்.

ஆளுக்கு எட்டுச் சீட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டைத் தம் முன்னே அதன் சின்னத்துக்குரிய வரிசையில் இறக்க வேண்டும், அல்லது நடுவில் அந்தச் சின்னத்துக்குரிய இடத்தில் கழித்துவிட வேண்டும்; பிறகு கட்டிலிருந்தோ கழிவின் மேலிருந்தோ ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், தாம் அப்போது கழித்ததை மட்டும் திரும்ப எடுக்கக் கூடாது. வரிசையில் எண்கள் ஏறுமுகமாகத்தான் போகும். ஏழை வைத்த பிறகு ஐந்துக்கு இடமில்லை. படச் சீட்டு இறக்குவதென்றால் அந்த வரிசையில் முதல் எண் விழுமுன் இறக்க வேண்டும். கட்டின் கடைசிச் சீட்டை எடுத்ததும் ஆட்டம் முடிந்தது. தொடங்காத வரிசைக்கு ஒன்றுமில்லை. தொடங்கிய வரிசையில் எண்களைக் கூட்டி இருபதைக் கழிக்க வேண்டும். ஒரு படச் சீட்டு இருந்தால் விடையை இரண்டாலும், இரண்டு இருந்தால் மூன்றாலும், மூன்று இருந்தால் நான்காலும் பெருக்க வேண்டும். எட்டுச் சீட்டோ அதற்கு மேலோ சேர்ந்த வரிசைக்குப் பெருக்கலுக்கு அப்பால் இருபது புள்ளி கூடுதல்.

ஒரு ராஜாவை வைத்து அதன்மேல் 4, 6, 7, 9 என்று இறக்கியவருக்கு 26-இல் 20 போக ஆறு, இரண்டால் பெருக்கப் பன்னிரண்டு. அதே ராஜாவின் மேல் மூன்றும் ஐந்தும் மட்டும் சேர்ந்திருந்தால் எட்டில் இருபது போகக் கழித்தல் பன்னிரண்டு, இரண்டால் பெருக்கக் கழித்தல் 24. இந்தக் கணக்கில்தான் ஆட்டத்தின் அழகு முழுவதும் இருக்கிறது. இங்கே எதிராளி உங்களை அடிப்பதில்லை. உங்களுக்குத் தேவையான சீட்டைக் கையில் பிடித்துவைத்துக்கொள்வது மட்டுமே அவரால் முடியும். அதைப் பிடித்துவைத்திருப்பதால் அவர் கையிலும் இடம் போகிறது. நட்டம் என்று வந்தால் அது நாமாகத் துணிந்து தொடங்கிய வரிசையால் வந்தது. பாதிக்கு மேல் சீட்டின் தவறு என்று சொல்லிக்கொள்ளவும் இடமிருக்கிறது. என் கணவர் இதில் தோற்கும்போதெல்லாம் எதிரே இருக்கும் என்மேல் கோபப்படுவதில்லை, ஆர்ட்டின் சீட்டுகள்மேல் கோபப்படுகிறார்.

செபாஸ்தியன் போஷோன் வடிவமைத்த 'ஜெய்ப்பூர்' 2009-இல் வந்தது. ஐந்து சீட்டுகள் பரப்பிய சந்தையிலிருந்து வைரம், பொன், வெள்ளி, துணி, மசாலா, தோல் ஆகியவற்றைச் சேர்த்து விற்க வேண்டும். முதலில் விற்பவருக்கு நல்ல விலை, தாமதித்து மொத்தமாக விற்பவருக்குத் தனிப் பரிசு. சந்தையில் கிடக்கும் ஒட்டகச் சீட்டுகளை அள்ளிக்கொண்டு போவதா, அள்ளினால் அங்கே விழும் புதிய சீட்டுகள் எதிராளிக்கு விருந்தாகிவிடுமா என்ற தயக்கம் ஒவ்வொரு முறையும் வரும். மூன்று சுற்றில் இரண்டை வென்றவர் வென்றவர். ஒரு சுற்றில் தோற்றவரே அடுத்த சுற்றைத் தொடங்குவார். மொத்த விற்பனைக்குக் கிடைக்கும் பரிசு வில்லைகளின் மதிப்பை எதிராளி பார்க்க முடியாது என்பதால் எண்ணி முடிக்கும்வரை யார் முன்னால் என்று உறுதியாகத் தெரிவதில்லை. விளையாடும்போது படிக்க வேண்டிய எழுத்து எதுவும் சீட்டுகளில் இல்லை. ஆங்கிலம் படிக்காத பெரியவர்களோடு ஆட நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு சீட்டையும் ஒருவர் மற்றவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய ஆட்டத்தில் ரகசியமும் போகும், பெரியவரின் கௌரவமும் போகும்.

எதிராளியின் காயைப் பறிப்பதே பிடிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஊவே ரோசன்பெர்க்கின் 'பேட்ச்வொர்க்' (2014). ஆளுக்கொரு 9-க்கு 9 கட்டப் பலகையில் துணித் துண்டுகளைப் பொருத்தி ஒட்டுப்போர்வை தைக்க வேண்டும். நேரத்தில் பின்தங்கியிருப்பவருக்கே அடுத்த முறை கிடைக்கும் என்பதால் ஒருவர் தொடர்ந்து இரண்டு மூன்று முறை ஆடுவதும் உண்டு. தோற்றவர் கையிலும் கடைசியில் ஓட்டைகளோடு ஒரு போர்வை இருக்கும். '7 வொண்டர்ஸ் டூயல்' சிறந்த ஆட்டம்தான், ஆனால் படை வழியாகவும் அறிவியல் வழியாகவும் பாதியிலேயே திடீரென்று முடிந்துவிடக்கூடியது. இருவருக்கும் பழகிய பிறகு வாங்குவதே நல்லது. 'ஹைவ்' சமபலம் உள்ள இருவருக்கு. பலகையே வேண்டாம், ரயில் பயணத்துக்கு ஏற்றது.

தோல்வியை இருவருக்கும் பொதுவாக்கிவிடும் கூட்டு ஆட்டங்கள் இதற்கெல்லாம் முடிவான தீர்வு என்று பலர் சொல்கிறார்கள். பாதி உண்மை. எல்லாச் சீட்டுகளும் திறந்திருக்கும் கூட்டு ஆட்டத்தில் நன்றாகத் தெரிந்தவர் உத்தரவிட, மற்றவர் காயை நகர்த்தும் கையாக மட்டும் மாறிவிடுவார். எதிர்த்து ஆடித் தோற்பதைவிட அது சலிப்பூட்டுவது. லூக் ரெமோன் வடிவமைத்து 2023-இல் வெளிவந்து, 2024-இல் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த ஆட்டம்' விருதைப் பெற்ற 'ஸ்கை டீம்' இந்த வாயை அடைத்துவிடுகிறது. சரியாக இருவர் மட்டுமே ஆடக்கூடியது அது: ஒருவர் விமானி, மற்றவர் துணை விமானி, விமானத்தைத் தரையிறக்க வேண்டும். பகடையை உருட்டுமுன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள்ளலாம். ஆளுக்கு நான்கு பகடையைத் தட்டிக்குப் பின்னால் உருட்டிய நொடி முதல் ஒரு சொல்லும் கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் சாய்வுக்கு ஒரு பகடை, இயந்திர வேகத்துக்கு ஒரு பகடை வைத்தாக வேண்டும். சாய்வில் அவர் ஐந்து வைத்து நான் இரண்டு வைத்தால் நேராக இருந்த விமானம் மூன்று படி அவர் பக்கம் சரிந்து ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். எனவே அவர் முதலில் என்ன வைக்கிறார் என்பதே அவர் எனக்குச் சொல்லும் செய்தி. விலை கொஞ்சம் அதிகம். இறக்குமதிப் பெட்டி என்பதால் இருப்பும் சீராக இருப்பதில்லை. பகடைகளிலும் பலகையிலும் எழுத்து அதிகமில்லை என்பதால் அத்தையையும் இதற்கு உட்காரவைத்துப் பார்த்தேன். அவர் விதிகளை உடனே பிடித்துக்கொண்டார்; பேசக் கூடாது என்ற ஒன்றைத் தவிர.